ஆளுக்கொரு வாக்கியம்

தவக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் வீட்டுக்காரர் மிஸ்டர் அலேன் எங்கள் முற்றத்துக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிடுவார். அப்போது வெனிசுவேலாவிலிருந்து இந்தத் தீவுக்குப் பிழைக்க வந்த நாங்கள் ஆறு குடும்பமும் சாகுவானஸ் கடைத்தெருவில் வேலைக்குப் போயிருப்போம். திரும்பி வந்தால் பூட்டுதான் தொங்கும். என் மகள் டாரியானாவுக்குத் தோல் வெடித்து உடம்பெல்லாம் அரிப்பு. தினமும் சாயங்காலம் குளிப்பாட்டி மருந்து தடவச் சொல்லியிருந்தார்கள். ஒரு செம்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துப் படுக்க வைப்பேன். தூக்கத்திலும் சொறிந்துகொண்டிருப்பாள்.

வீட்டுக்காரரிடம் பேச எங்களுக்கு இருந்த ஒரே வாய் நைரோபிஸ். வெனிசுவேலாவில் ஓட்டலில் வேலை பார்த்தவள். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. எங்களுக்காக அவள்தான் போய்ப் பேசினாள். வந்தவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு முன்கட்டு அறைக்குக் குடிபோய்விட்டாள். அந்த அறைக்குள்ளேயே குழாய் உண்டு.

"நம்ம வாய அவரு வெலைக்கு வாங்கி முன்னாடி ரூம்ல வச்சுக்கிட்டாரு" என்றான் பக்கத்து அறை வில்மர்.

அன்று சுட்ட அரேப்பா சோள ரொட்டியில் இரண்டை ஒரு தட்டில் வைத்து நைரோபிஸுக்கு எடுத்துப்போனேன். வில்மர் வழியை மறித்தான்.

"எக்லே அக்கா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் சொரணை இருக்கா?"

"அவ அங்க தனியா இருக்காடா. தனியாத் தின்னா சோறு எறங்காது. தள்ளு."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை வாங்கிக்கொண்டாள். அதன்பிறகும் சுட்ட அன்றெல்லாம் கொண்டுபோனேன். தப்புச் செய்தவர் வாசலுக்கு யாரும் போகாவிட்டால், அவர் திரும்பி வரும் வழியில் புல் முளைத்துவிடும். ஆண்டவர் அதற்காகவாவது நமக்குக் கால் கொடுத்திருக்கிறார்.

கோயில் கூடத்தில் வெர்லின் டீச்சர் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவந்தார். இந்த ஊர்க்காரர், பகலில் மருந்துக்கடையில் வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஒரு கேள்வியோடு ஆரம்பித்தார்.

"இந்த வாரம் சொல்ல முடியாம எதை முழுங்குனீங்க?"

நான் குழாயைச் சொன்னேன். நைரோபிஸ் முன்கட்டுக்குப் போனதை வில்மர் சொன்னான்.

"சீக்கிரமா இன்னொரு நைரோபிஸத் தயார் பண்ணுங்க டீச்சர்."

"அவளையும் அவர் கூட்டிட்டுப் போயிட்டா?"

 வில்மர் தலையைச் சொறிந்தான். "கொழாயுள்ள ரூம் அது ஒண்ணுதான் டீச்சர். எல்லாரையும் அதுல அடைக்க முடியாது."

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "அப்ப எல்லாரும் பேசுவோம். ஆளுக்கொரு வாக்கியம்."

"அக்கா, உங்களுக்குக் குட்மார்னிங்கே நாலு தடவ தடுக்குமே!"

"தடுக்கட்டும். விழுந்து எந்திரிச்சுச் சொல்றேன்."

டீச்சர் சிரித்துவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தார். அவரவர் வாக்கியத்தை அவரவரே சொன்னோம். அவர் அதை இங்கிலீஷில் எழுதினார். பிறகு அவரே கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரராக நின்று எங்களை அதட்டினார். முதலில் எல்லோரும் சிரித்தோம். போகப்போக யாரும் சிரிக்கவில்லை.

மாவு பிசையும்போது என் வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். தப்பினால் கட்டிலில் இருந்து டாரியானா எடுத்துக்கொடுப்பாள். எங்கள் ஊர் வாயே மாதாவிடம், எனக்குத் தைரியம் கொடு என்று நான் கேட்கவில்லை. நாக்கை மட்டும் பார்த்துக்கொள் தாயே என்றேன்.

சனிக்கிழமை மாலை முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியடியில் எல்லோரும் நின்றோம். மிஸ்டர் அலேன் நைரோபிஸையும் கூட்டிக்கொண்டு வந்து முன்கட்டுப் படியில் நின்றார். முதலில் எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொன்னோம். வணக்கம் சொல்லாமல் பேச்செடுத்தால் இந்த ஊரில் காதே கொடுக்கமாட்டார்கள்.

"யார் உங்க தலைவர்? அவர் மட்டும் பேசட்டும்."

"தலைவர் கெடையாது சார்" என்றான் வில்மர். "ஆறு குடும்பம். ஆறு பேரும் பேசுவோம்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் வெடித்தார். "வந்த புதுசுல ராத்திரி பூரா கொழாயத் தெறந்து போட்டது யாரு? தொட்டி காலி. மோட்டார் கருகிப்போச்சு. தெண்டம் அழுதது நான்!"

நைரோபிஸ் அதை எங்கள் பாஷையில் சொன்னாள். அது உண்மைதான். வில்மர் எங்கள் முகங்களைப் பார்த்தான். பிறகு, வகுப்பில் யாரும் பழகாத ஒன்றைச் சொன்னான். "அது எங்க தப்பு. மன்னிக்கணும் சார்."

அடுத்தது நான். டாரியானா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் மகளுக்கு..." என்று ஆரம்பித்தேன். மேலே எதுவும் வரவில்லை. 

மிஸ்டர் அலேன் பொறுமையிழந்து நைரோபிஸைப் பார்த்தார். "என்னவாம் இவங்களுக்கு? நீயே சொல்லி முடிச்சிரு."

அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். படியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அவங்களே சொல்லுவாங்க சார். கொஞ்சம் பொறுங்க." பிறகு என் காதோடு அடுத்த வார்த்தையை மட்டும் எடுத்துக்கொடுத்தாள். "மெதுவா அக்கா. அவசரமில்ல."

சொன்னேன். "என் மகளுக்குச் சாயங்காலம் குளிக்கத் தண்ணி வேணும். அப்ப கொழாயத் தெறந்து வைங்க."

அவர் டாரியானாவின் கைகளைப் பார்த்தார். முழங்கை மடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது. பிறகு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"மோட்டார் மறுபடி கருகுனா?"

"தெனம் ஒருத்தர் சாவிய வச்சுக்கிட்டுத் தொட்டியப் பாத்துக்குறோம்" என்றாள் நைரோபிஸ். 'பார்த்துக்கொள்கிறோம்' என்றுதான் சொன்னாள். 'பார்த்துக்கொள்கிறார்கள்' என்று சொல்லவில்லை. அதை மிஸ்டர் அலேனும் கவனித்தார்.

"ஒரு வாரம். அதுக்கப்புறம் யோசிக்கிறேன்." சாவியை எடுத்தார். "யார் கையில குடுக்க?"

எல்லாக் கைகளும் நீண்டன. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாவியைத் தொட்டி மூடிமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று டாரியானாவின் தலையோடு வாளி வாளியாக ஊற்றினேன். "நாளைக்கும் உண்டாம்மா?" என்று கேட்டாள்.

"உண்டு. ஒரு வாரத்துக்கு உண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பவும் கேப்போம். கண்ண மூடிக்க, சோப்பு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படியிலேயே உட்கார்ந்து அடுத்த சனிக்கிழமைக்கான வாக்கியங்களை ஆரம்பித்தோம். முன்கட்டு அறை கையில் தங்குமோ தங்காதோ, நைரோபிஸுக்குத் தெரியாது. ஆனாலும் வந்திருந்தாள். வில்மர் நகர்ந்து அவளுக்கு இடம்விட்டான்.