பட்டியலில் இல்லாத சொல்

குரலை வைத்துப் பிழைத்த மனிதர் அப்பா. மீன் சந்தையில் ஏலம் விடுவார். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பக்கவாதம் அந்தக் குரலைத்தான் பிடித்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல ஏதோ வரும். அம்மா ஊகிப்பாள். பாதி நேரம் தப்பாகிவிடும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மகள் கணினி அறிவியலில் முதுகலை இறுதியாண்டு. ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டபோது அப்பாவின் பேச்சு என்று எழுதிக் கொடுத்தாள். அவர் பேசினால் செல்போன் திரையில் எழுத்தாக வர வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியைக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஆள், ஒரே குரல், தரவு போதாது. அதிலும் சொந்த அப்பா என்றால் பாசம் கண்ணை மறைக்கும் என்றார். அவள் கேட்கவில்லை. பட்டம் எப்படியும் வந்துவிடும். அப்பா பேசியாக வேண்டும்.

தரவு போதாது என்பதால் திட்டத்தைக் குறுக்கினாள். அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்கள் மட்டும் போதும். எவை தேவை? சமையலறை வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அம்மாவைக் கேட்டாள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். பால் வேணும். போர்வை வேணும். பாத்ரூம் போகணும். ஜன்னலத் தொறக்கணும். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள், மடைதிறந்தாற்போல வந்தது. அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

எதிரொலி வராமலிருக்க, துணி அலமாரிக்கு முன்னால் அவரை உட்காரவைத்துப் பதிவு செய்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பத் திரும்பச் சொன்னார். வேர்த்துக் கொட்டும். எச்சில் வழியும், துடைத்துவிடுவாள். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. தொழில்காரர், கூவச் சொன்னால் கூவுவார்.

சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தது. கட்டிலருகே ஒரு செல்போனைப் பொருத்தினாள். அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து காட்டினாள்.

"ஊரையே கூவி விலைபேசின மனுஷன், வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டாரு. இப்பப் பாருங்க, மூச்சுக்கு முந்நூறு தடவ வேணும் வேணுங்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும்தான்.

அறிக்கையின் கடைசி அத்தியாயத்தை எழுத விடுப்பில் வீட்டிலேயே இருந்தாள். அப்போதுதான் கவனித்தாள், அப்பாவின் உடம்பு ஊதியிருந்தது. அம்மா பால் கொண்டுவந்தாள். அவர் ஏதோ சொன்னார். திரையில் பால் வேணும் என்று வந்தது. குடித்தார். மறுபடி சொன்னார், சற்றுப் பலமாக. பால் வேணும். அம்மா இன்னொரு தம்ளர் ஆற்றினாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து கத்தினார். பால் வேணும். தம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்ததெல்லாம் போர்வைமேல் வந்தது.

அம்மா துணி எடுக்கப் போனாள். மகள் பட்டியலைத் திறந்தாள். வேணும் இருந்தது, பக்கம் பக்கமாக. வேணாம் ஓரிடத்திலும் இல்லை. போதும் இல்லை. விடு இல்லை. தெரியாத சொல் காதில் விழுந்தால் தெரியாது என்று சொல்ல அந்த இயந்திரத்துக்கு வழியில்லை. தெரிந்தவற்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கும். வேணாமுக்குக் கிட்டத்தில் இருந்தது வேணும். சோதனைக்கும் அதே பட்டியல்தான். தொண்ணூறு வராமல் என்ன செய்யும்?

அம்மாவிடம் சொன்னாள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"வேணாம்னு அவரு எதுக்குடி சொல்லப்போறாரு? நான் என்ன வெஷமா குடுக்கறேன்?"

பேராசிரியை பதறவில்லை. குறைபாடுகள் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதில் இரண்டு வரி எழுதிவிடு என்றார். பட்டியலுக்குள் தொண்ணூறு என்பது தொண்ணூறுதான், பொய்யில்லை என்றார். கெடுவை நினைவூட்டினார்.

அவள் புதுப் பட்டியல் ஒன்று எழுதினாள். மறுப்பு மட்டும்தான். அப்பாவை அதே இடத்தில் உட்காரவைத்து மைக்கை அவர் வாயருகே நீட்டினாள்.

"தப்பு என்னுதுப்பா. உன்னக் கேட்டிருக்கணும். ஒரே ஒரு தடவ சொல்லு. வேணாம்னு சொல்லு."

குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அவளே சொல்லிக் காட்டினாள். வே, ணாம். அவர் உதடு பிரியவில்லை. நல்ல கையால் மைக்கை வாங்கினார். அவள் மடியில் வைத்தார், எறியவில்லை, வைத்தார். அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளில் அவர் சொன்ன எதுவும் இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. பதிவுக் கோப்பில் அலமாரிக் கதவின் கிறீச்சொலி மட்டும் இருந்தது.

பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை. கூழாங்கல் பேச்சும் போயிற்று. அம்மா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள். மருத்துவர் சோதித்துவிட்டு நரம்பில் புதிதாக ஒன்றுமில்லை என்றார். பால் வந்தால் குடித்தார். வராவிட்டால் கேட்கவில்லை.

குறைபாடுகள் பகுதியில் அவள் இரண்டு வரி எழுதினாள். அழித்து எழுதி, அழித்து எழுதி, அந்த இரண்டு வரிதான் மிஞ்சியது. அறிக்கைக்கு பைண்டிங் போட்டுக் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வில் பழைய பதிவுகளை ஒலிக்கவிட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றும் திரையில் சரியாக விழுந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறும் மதிப்பெண்ணுக்குச் செய்த வேலை இல்லை இது என்றார்.

"ஆளையே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா?"

"இப்ப அவர் பேசறதில்ல சார்."

"அடடா. நோய் முத்திடுச்சா?"

பேராசிரியை மேசையைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றாள் மகள்.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, தப்பாக நினைக்காவிட்டால் இன்னொன்று போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். போட்டாள். சரியாக வந்தது.