பொழுது சாயறதுக்குள்ள முழுங்கணும்

அம்மா மாத்திரைய உள்ளங்கையில போட்டுக்கிச்சு. சொம்புல தண்ணி தயாரா இருக்குது. ஜன்னல் கம்பி வழியா வந்த கடைசி வெயிலு அந்த சிவப்பு கேப்சூல் மேல பட்டு, உள்ள இருக்கற தூள் வரைக்கும் தெரியுது. அம்மா கண்ண மூடிக்கினு "நமோ அரிஹந்தாணம்"னு முணுமுணுத்துச்சு. தடுக்கலாம்னு சஹானா கைய தூக்கினா. கை பாதியிலயே நின்னு போச்சு. நேத்துதான் எல்லாத்தையும் சொல்லிட்டோமே, சொல்லியுமா முழுங்கப் போவுது? இல்ல, சொன்னதே கனவா?

அவ யோசிக்கறதுக்குள்ள அம்மா தண்ணிய ஊத்திக்கிச்சு.

அந்த மாத்திரை வர்றதுக்கு முன்னாடி அம்மாவுக்கு, பத்மாம்பாளுக்கு, கால் இருக்கறதே தெரியாது. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல ஒத்த செருப்பு கழண்டு உழுந்தது தெரியாம, திண்டிவனம் பஸ் நிக்கற எடம் வரைக்கும் வெறுங்காலோட நடந்து வந்துச்சு. சஹானாதான் திரும்ப ஓடி, டீக்கடை வாசல்ல கெடந்தத எடுத்துக்கினு வந்தா. மறுவாரம் அம்மாவுக்கும் அவளுக்கும் ரத்தம் பாத்தாங்க. ரெண்டு பேருக்குமே பி12 ரொம்ப கம்மி, உங்களுக்கு இப்படியே உட்டா நரம்பு போயிடும்மான்னாரு டாக்டரு. ரெண்டு பேரும் தினம் ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.

"நாங்க ஜைனருங்க, எங்களுக்கு ராத்திரி சாப்பாடு கெடையாது. பொழுது சாஞ்சா தண்ணிகூட தொடமாட்டேன்."

"அப்ப சாயறதுக்குள்ள போட்டுக்கோங்க."

மெடிக்கல் ஷாப்புல கண்ணாடி எடுத்துக்கினு வராத அம்மா, அட்டைய சஹானா கையில குடுத்துச்சு. "பச்சைப் புள்ளி இருக்குதா பாருடி." பிஸ்கட்டோ பல்பொடியோ, சைவம்னு காட்டற அந்தப் புள்ளி இருந்தாதான் அவங்க வூட்டு வாசப்படி தாண்டும். தேனே சேக்காத வூடு. அட்டை மூலையில பச்சையா, வட்டமா என்னமோ இருந்துச்சு. வெளிய பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சிக்கினு இருந்தான். "இருக்குதும்மா"ன்னுட்டா. அது கம்பெனிக்காரன் போட்ட படம்னு பன்னெண்டாவது படிக்கற புள்ளைக்கு அன்னிக்கு தோணல.

போன வாரம் பயாலஜி மிஸ்சு நடத்தினாங்க. எலும்பையும் தோலையும் வேகவச்சு எடுக்கறதுதான் ஜெலட்டின், கேப்சூலுக்கு மேல இருக்கற கூடு பெரும்பாலும் அதுதான்னு போற போக்குல சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்கு போயிட்டாங்க. சஹானா மாத்திரை போடறது தெரிஞ்ச புனிதா பக்கத்துலேர்ந்து முழங்கையால இடிச்சா.

"ஏய் சாமியாரே, என் டிபன்ல முட்டை இருந்தா பெஞ்ச்சு மாறி உக்காருவ. நீ தினம் எலும்பு சூப் அடிக்கறியாடி?"

சஹானாவும் சிரிச்சா. வூட்டுக்கு வந்து அட்டைய வெளிச்சத்துல புடிச்சா. கடுகவிட சின்ன எழுத்துல, அதேதான் போட்டிருந்துச்சு.

இதுல கனவு வேற. பாம்பு தொரத்துது, கெணத்துல உழுறோம்னு வந்தா கனவுன்னு தெரிஞ்சிடும். மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து அவளுக்கு வர்றது அப்படி இல்ல. கனவுல எழுந்துக்கறா, பல் வெளக்கறா, பேஸ்ட்டு காரம் நாக்குல இருக்குது, யூனிபார்ம்ல பின் குத்தறா, வெரல்ல சுருக்குன்னு வலிக்குது. அப்புறம் பாத்தா பாயிலயே படுத்திருக்கறா. புனிதாகிட்ட ரெக்கார்டு நோட்ட குடுத்துட்டேன்னு சத்தியம் பண்ணி சண்டை போட்டா. நோட்டு சஹானா பையிலயே இருந்துச்சு. ஃபோன்ல தேடினா, இது மாதிரி பி12கூட பி6ம் சேந்த மாத்திரை சிலருக்கு இப்படி பண்ணும்னு ஒருத்தர் எழுதியிருக்கறாரு, அதெல்லாம் சும்மான்னு கீழயே இன்னொருத்தர்.

அதனாலதான் நேத்து நடந்தத நம்பறதா வேணாமான்னு தெரியல. அம்மா மொறத்த மடியில வச்சிக்கினு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிக்கினு இருந்துச்சு. சஹானா பக்கத்துல உக்காந்து சொல்லிட்டா. "அம்மா, அந்த மாத்திரை மேல்கூடு மாட்டு எலும்பும்மா. நான்தான் சரியா பாக்கல." அம்மா வெரல் நிக்கல. பட், பட்டுன்னு தோலு ஒடைஞ்சிக்கினே இருந்துச்சு. மொறத்த கீழ எறக்கி வச்சிட்டு, "அப்பாகிட்ட சொல்லாத"ன்னு மட்டும் சொல்லிச்சு.

காலையில எழுந்து மொதல்ல மொறத்தத்தான் போய் பாத்தா. உரிச்ச மல்லாட்டை இருந்துச்சு. ஆனா அம்மா தினமும்தான் உரிக்குது.

கேட்டுடலாம். எப்படி கேக்கறது? மாத்திரைய பத்தி சொன்னனாம்மான்னு கேட்டா, "என்னாடி சொன்ன?"ன்னு திருப்பி கேட்டுச்சுன்னா முடிஞ்சுது. கேக்கறதே சொல்றதுதான். வேற மாத்திரை இருக்கும், ஊசி இருக்கும், மாத்திக்கலாம். இது வரைக்கும் முழுங்கினத என்ன பண்றது? ஒரு கல்யாணத்துல தெரியாம முட்டை கலந்த கேக்க தின்னுட்டு, மேல்சித்தாமூர் ஜைனக் கோயிலுக்கு போய் சாமி முன்னாடி அழுது, மூணு நாளு பச்சத்தண்ணியோட கெடந்த பொம்பள அது. இத்தினி மாத்திரைக்கு எத்தினி நாளு கெடக்கும்? இப்பதான் காலுக்கு உசுரு வந்துக்கினு இருக்குது. சொல்லாம உட்டாலோ, தினமும் எலும்பு. அதுவும் மந்திரம் சொல்லி.

வெளிய வண்டி நிக்கற சத்தம். மல்லாட்டை மண்டிய பூட்டிட்டு அப்பா ஜம்புகுமார் உள்ள வந்தாரு.

"நாளைக்கு விழுப்புரம் போறேன். மாத்திரை இருக்குதா?"

"தீரப்போவுது. வாங்கிக்கினு வாங்க."

"அதேதானா? வேற ஏதும் கேக்கணுமா?"

அம்மா சொம்ப கவுத்து வச்சிச்சு. சஹானாவ பாத்துச்சு. பாத்துச்சா, இல்ல அவளுக்கு பின்னாடி இருக்கற ஜன்னல பாத்துச்சா?

"அதேதான். இப்பதான் காலுல தரை தெரியுது, அத எதுக்கு மாத்தறது." அப்புறம் அட்டையிலேர்ந்து இன்னொண்ண பிதுக்கி அவகிட்ட நீட்டிச்சு. "இந்தாடி, ஜல்தி போடு. பொழுது போவுது பாரு."

ஒரு வாரமா அவ முழுங்கறதில்ல. நாக்குக்கு அடியில வச்சிக்கினு போயி கொல்லையில துப்பிடுவா. கனவு மட்டும் நிக்கல. இப்ப அம்மா நகரலன்னா எங்க துப்பறது? கைய மூடிக்கினு நின்னா. தொடைய கிள்ளிப் பாத்தா. வலிச்சுது. கனவுலயும்தான் வலிக்குது.

அம்மா நகந்துச்சு. வாசல்ல காயற துணிய எடுக்க போயி, நெலைப்படியில நின்னு, குனிஞ்சு பாக்காமலே வெறும் காலால செருப்ப தேடிச்சு. ஒண்ணு மாட்டிச்சு. இன்னொண்ணு தள்ளிக் கெடந்துச்சு. கட்டைவெரலால தடவித் தடவி அதையும் இழுத்து மாட்டிக்கிச்சு.

சஹானா கைய தொறந்தா. வேர்வையில கூடு எளகி, செவப்பா உள்ளங்கையில ஒட்டிக்கினு இருந்துச்சு. எதுத்த வூட்டு மொட்டை மாடியில இன்னும் ஒரு விரக்கடை வெயிலு பாக்கி.

அம்மாவுக்கு தெரியுமா, தெரியாதா?