முன்னால் வந்த எதிரொலி

அந்த வீட்டில் எந்தச் சத்தமும் எழுவதற்கு முன்பே கேட்டுவிடும். கதவை அறையும் ஓசை முதலில் வரும். பிறகுதான் யாராவது கோபித்துக்கொண்டு போய்க் கதவை அறைவார்கள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தும்மல் கேட்டதும் கைக்குட்டையை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

காரணம் தம்பி. உதட்டாலும் நாக்காலும் தொண்டையாலும் மேளம் அடித்து அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறவன். தெருவில் அவனுக்கு வாய்மேளம் என்று பெயர். வீடு அக்காவுடையது, அம்மா அவள் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தையல்காரியான அவளுக்கு வெட்டுமேசை போடப் பின்னறை வேண்டும். அவனுக்கோ அந்தப் பின்னறையை விட்டால் தலைசாய்க்க வேறு இடம் கிடையாது. வெளியே போ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லாமல் வைத்திருந்தது பாசத்தால் அல்ல, அவனைப் பயத்திலேயே வைத்திருக்கத்தான். அவன் மைக்கை ஆன் செய்யும் நேரம் பார்த்து மெஷினை மிதிப்பாள். அவனும் சும்மா இல்லை. துணி சத்தத்தைத் தின்னும் என்று, தைத்து முடித்த கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் நுழைந்து நின்று பதிவு செய்வான்.

"கஸ்டமர் கோட்டெல்லாம் எச்சில் பண்ணி வச்சிருக்கே. மனுஷனாடா நீ?"

"எச்சில் இல்ல. அது ஸ்னேர் டிரம்."

"என்ன எழவோ. வெயில்ல காயப்போட்டா போகுமா, அதச் சொல்லு."

அந்தக் கோடையில்தான் அவன் ஒரு புது வித்தை கண்டுபிடித்தான். வாயால் போட்ட 'டும்' ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி, அதன்மேல் பெரிய மண்டபத்தின் எதிரொலியைப் பூசி, மறுபடி நேராகத் திருப்பினான். எதிரொலி முன்னால் வந்தது. எங்கிருந்தோ மூச்சை இழுத்துக்கொண்டு வருவதுபோல வீங்கி வந்து, கடைசியில் அடி விழுந்தது. அதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அவன் ஸ்பீக்கரைத் தையலறைச் சுவரோடு ஒட்டிவைத்து, எதிரொலியின் நீளத்தைக் கடைசிவரை ஏற்றிவிட்டு, கோடை முழுக்க ஓடவிட்டான். மழை வந்ததும் நிறுத்தினான். வீடு நிறுத்தவில்லை. சுவர்கள் பழகிப்போயிருந்தன.

முதலில் துணி கிழிபடும் சத்தம் வந்தது. மேசைமேல் துணி முழுசாகத்தான் கிடந்தது. தையல்காரி நிதானமாக வெட்டினாள், கத்தரி வழுக்கியது, கிழிந்தது. சின்னச் சத்தங்கள் கண்ணிமைக்கும் நேரம் முந்தி வந்தன. கனமானவை நாட்கணக்கில் முந்தின. கேட்டது எதுவும் நடக்காமல் போனதில்லை. சண்டைகூடச் சரியாகப் போடமுடியாமல் போயிற்று; அவள் வைவதற்குள் அவன் பதில் கேட்டுவிடும், அந்தப் பதிலுக்காகவே அவள் இன்னும் கடுமையாக வைவாள்.

பிறகு ஒரு நாள் பகலில், வாடிக்கையாக வரும் நர்ஸுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது, தையல்காரியின் குரலிலேயே அது வந்தது. "வெளிய போடா." அவள் வாய் நிறையக் குண்டூசி.

"நீங்களா பேசினீங்க?" என்றாள் நர்ஸ். தையல்காரி இல்லையென்று தலையாட்டினாள். பின்னறையில் மைக் ஆனில் இருந்தது. தம்பி அன்றே பையைக் கட்டிக் கதவோரம் வைத்தான்.

வாரங்கள் போயின. கடைசியில் அவளே பொறுக்கமாட்டாமல் ஊசிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு பின்னறை வாசலில் போய் நின்றாள். அவன் பதறவில்லை. மைக்கை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

"இரு, சத்தத்தோட லெவல் பாத்துக்கறேன்."

"எதுக்கு?"

"எதிரொலி அன்னிக்கே பதிவாயிடுச்சு. அதுக்குப் பின்னால வைக்க உன் வார்த்தைதான் பாக்கி. நான் இதுவரைக்கும் பண்ணதுலயே இதுதான் உருப்படி. சொல்லு, கெளம்பிடறேன்."

"உனக்கு நான் பின்பாட்டு பாடணுமா?"

"பாட வேணாங்க்கா. எப்பவும்போலத் திட்டு, போதும்."

அவள் மைக்கைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி உதடுகளுக்கிடையில் செருகிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அப்புறம் அவள் அவனிடம் பேசவே இல்லை. தைக்க ஒன்றுமில்லாத நாளிலும் ஊசியை வாயிலிருந்து எடுப்பதில்லை. வெட்டுமேசை நடைவழியில் கிடக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் முழங்காலை இடித்துக்கொள்கிறார்கள். தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. பை கட்டியபடியே கதவோரம் இருக்கிறது, மைக் ஆனிலேயே இருக்கிறது. அந்த எதிரொலியும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் சத்தம் ஏறுகிறது. புதிதாக வருகிறவர்கள் தங்களைத்தான் சொல்கிறார்களென்று எழுந்துவிடுவார்கள். நர்ஸ் இருந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள்.

"உங்கள இல்லைங்க. உள்ள இருக்கறவர. இன்னும் சொல்லல."

அவர்களும் உட்கார்ந்து, கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று சொல்லத் தொடங்குவார்கள்.