முன்னறிவிப்பு இல்லாத கேள்வி

சென்னை ராஜதானியிலிருந்து வந்த சட்டசபை மெம்பர் மஹாதேவ ஐயருக்கு இனி நம் வீட்டில்தான் சாப்பாடு என்று என் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது 1910, குளிர்காலம். கல்கத்தாவில் வைஸ்ராய் லாட் சாகிப் மாளிகையில் சபை நடக்கிற வரைக்கும் அவர் ஒரு ஜாகையில் தனியாக இருந்தார். கடுகெண்ணெய் வாசனையே ஆகாது. ஓட்டல் வாசலை மிதிக்க மாட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர் பட்டினி கிடக்க, பவானிப்பூரில் நாம் மட்டும் ரசம் வைத்துச் சாப்பிடுவதா? இப்படி யோசிக்க எங்களவர்களால்தான் முடியும். அந்தச் சபையில் பதில் சொல்லும் துரையிடம்தான் என் வீட்டுக்காரருக்கு உத்தியோகம் என்பது எங்கள் இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

அந்த வருஷம் சபைக்குப் புது விதிகள் வந்திருந்தன. அதுவரை மெம்பர் எழுதிக் கொடுத்த கேள்விக்கு, துரை எழுதி வைத்த பதிலைப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். இப்போது கேட்டவர் மறுபடி எழுந்து, அந்த இடத்திலேயே இன்னொரு கேள்வி கேட்கலாம். அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. துரை பார்த்தார். என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, பதிலோடு எழுதிக் கொடுக்கும் வேலையை இவர் தலையில் கட்டிவிட்டார்.

மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளின் லட்சணத்தைப் பற்றி மஹாதேவ ஐயர் கேள்வி கொடுத்திருந்தார். ‘அதில் ஏறிப் பார்த்த அதிகாரி யார்?’ என்றுதான் அடுத்துக் கேட்பார் என்று இவர் ஊகித்தார். கல்யாணமான கையோடு அந்தப் பெட்டியில்தானே என்னைக் கூட்டி வந்தார், தெரியாதா? சபையில் ஐயர் அதையேதான் கேட்டார். துரை மடித்து வைத்திருந்த பதிலைப் பிரித்துப் படித்தார்.

அன்று சாயங்காலம் இவர் முகம் வெளிறிப் போய் வந்தார்.

"காமு, ‘மெம்பர் உன் வீட்டுலதானே சாப்பிடறார்?’னு துரை சிரிச்சுண்டே கேட்டார். மெம்பர் சொல்லித்தான் நான் எழுதினேன்னு நினைச்சுண்டிருக்கார்."

"ஏன்னா, இல்லேன்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே! ‘நல்லது, அடுத்த வாரமும் கேட்டுண்டு வா’ங்கறார்."

வங்காளிப் பையன்கள்மேல் போட்ட வெடிகுண்டு வழக்குக்குப் பிறகு எங்கள் தெருவில் போலீஸ் நுழையாத மாதமே இல்லை. அடுத்த வீட்டு போஸ் பாபுவை விசாரிக்க அழைத்துப் போனவர்கள் திருப்பி அனுப்பவே இல்லை. சாப்பாட்டை நிறுத்தினால், இவர் ஐயரை எச்சரித்துவிட்டார் என்று ஆகும். போட்டாலோ, சோற்றைப் போட்டு மனுஷன் வாயைப் பிடுங்க வேண்டும். பயம் ஒரு பக்கம்; அந்தத் துரைமேல் எனக்கு வந்த ஆத்திரம் ஒரு பக்கம்.

மறுநாள் ஐயர் உற்சாகமாக இலை முன் உட்கார்ந்தார். "வைத்தி, வர்ற வெள்ளிக்கிழமை என்ன கேக்கப் போறேன் தெரியுமோ?"

இவர் பிசைந்த சாதத்தோடு விழித்தார். இவருக்குப் பொய் வராது. காதில் விழுந்துவிட்டால் துரை முன்னால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். அந்நிய ஆண்பிள்ளையோடு நான் நேருக்கு நேர் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"இங்கே சொல்லாதீங்கோ மாமா. எங்களைக் காப்பாத்துங்கோ."

அவர் கை அப்படியே நின்றது. இவர் முகத்தைப் பார்த்தார். ஊரில் பெரிய வக்கீல்; அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டுமா?

"நான் வராம இருந்தாலும் உங்களுக்கு ஆபத்துதான்மா. வர்றேன். சபை விஷயம் பேசமாட்டேன்" என்றார். மோர்சாதம்வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

வியாழக்கிழமை இவர் காகிதத்தை வைத்துக்கொண்டு தவித்தார். "என்ன கேப்பார்னு அவர் சொல்லாமலே எனக்குத் தெரியறதே காமு! சரியா எழுதினா, அவர் சொன்னார்னு ஆயிடும். அப்புறம் துரை வாராவாரம் பிடுங்குவார். எழுதாட்டா, மறைச்சேன்னு ஆயிடும்."

"தப்பா எழுதுங்கோ. ஊகம் தப்பறது ஊர்ல நடக்காத அதிசயமா?"

ஆபீஸ் காகிதத்தில் தெரிந்தே தப்பு எழுதுவது இவருக்கு அதுதான் முதல் தடவை. எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஐயர் மட்டும் தனியாக வந்தார். "துரை கையில பதிலே இல்லே! ‘முன்னாடியே நோட்டீஸ் வேணும்’னு சொல்லிட்டு உக்காந்துட்டார். சபையே சிரிச்சது..." என்றவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இவர் எங்கே மாமா?"

"துரை கூப்பிட்டனுப்பினார். அறைக்குள்ளே போனவன் வெளியே வரலே. ரொம்ப நாழி காத்திருந்து பார்த்துட்டுத்தான் வர்றேன்."

இலை போட்டேன். அவர் உட்காரவில்லை. விளக்கேற்றும் நேரமும் தாண்டிவிட்டது. ட்ராம் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"அந்தக் கேள்வியை நான் கேக்காம விட்டிருக்கலாம்" என்றார் மெதுவாக.

"கேக்கத்தானே மாமா உங்களை அங்கே அனுப்பிச்சிருக்கா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.