இடது கன்னம்

என் கல்யாண ஃபோட்டோவைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கப் போகிறேன்.

என் பெயர் பீர் முஹம்மது. தி. நகரில் உஸ்மான் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக டச்சப் வேலை. முதலில் நெகட்டிவ் மேல் பென்சிலால் செய்தேன், பிறகு கம்ப்யூட்டரில். பரு, கருவளையம், கோணல் பல், எதுவாக இருந்தாலும் என் கையில் பத்து நிமிஷம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் ஃபோட்டோ என்றால் வடபழனியிலிருந்துகூட என்னைத் தேடி வருவார்கள். என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு டச்சப்தான்.

என் மனைவி ஷகீலாவுக்கு இடது கன்னத்தில் ஒரு பெரிய மச்சம். பிறவியிலேயே உள்ளது. காதுக்கு முன்னால் தொடங்கித் தாடை வழியாக இறங்கும். நாவல்பழச் சாறு சிந்தின மாதிரி நிறம். நிக்காஹ் முடிந்து ஃபிலிமைக் கழுவியதும், புதுப் பெண்டாட்டிக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தேன். மூன்று நாள் கடையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து அந்த மச்சத்தை ஒரு புள்ளி மிச்சமில்லாமல் எடுத்தேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, வீட்டுச் சுவரில் அடித்துவிட்டுக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"யாரு இது?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே படம் சுவரிலிருந்து இறங்கி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்கப்புறம் இருபத்து நான்கு வருஷம் ஷகீலா என் கேமரா முன்னால் நின்றதில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம். அதுவும் இல்லை. நான் கேமராவை வெளியே எடுத்தால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவாள்.

போன வருஷம் எங்கள் மகள் மஹ்விஷுக்கு நிக்காஹ் நடந்தது. ஆல்பத்தில் நானூறு ஃபோட்டோ. சம்பந்தி வீட்டு அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "பொண்ணோட அம்மாவை ஒண்ணுலயும் காணோமே?" என்று கேட்டார். ஒரே ஒரு படத்தில், பந்தியின் ஓரத்தில், பிரியாணித் தட்டை நீட்டும் ஒரு கை இருந்தது. வளையலை வைத்துத்தான் அது ஷகீலாவின் கை என்று நானே கண்டுபிடித்தேன். ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவன் வீட்டில் பெண்டாட்டி படம் ஒன்று கிடையாது. ஆல்பத்தை வாங்கி மூடும்போது எனக்கு அவமானமாக இருந்தது.

எனக்கு அவள் படம் ஒன்று வேண்டும். கேமராவுக்கு மாட்டேன் என்கிறவள் பென்சிலுக்குச் சம்மதிப்பாளோ என்று ஒரு யோசனை வந்தது.

லஸ் பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு நடக்கிறது. ஆறு வாரம். ஆளை எதிரே உட்காரவைத்து, அளந்து, பழைய ஐரோப்பிய முறையில் முகத்தை வரையக் கற்றுத் தருகிறார்கள். கடைசி வாரம் மட்டும் மாணவர்களில் ஒருவர் தன் வீட்டு ஆளை அழைத்து வந்து உட்காரவைக்கலாம், முதலில் பெயர் கொடுப்பவருக்கு அந்த வாய்ப்பு என்றார்கள். சேர்ந்த அன்றே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஷகீலாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். பள்ளிவாசலில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், உருவம் வரைவது மார்க்கத்தில் கூடாதே, நீ வரையப் போகிறாயாமே என்று ஒரு மாதிரியாகக் கேட்டார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கெல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள் என்பதால் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

வகுப்பு நடத்துவது ரெனிட்டா. சாந்தோம்காரப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் எட்டுப் பேர். அதில் முகம் என்றால் என்ன என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது என் எண்ணம். முதல் இரண்டு வாரம் பிளாஸ்டர் மூக்கும் பிளாஸ்டர் காதும் வரைந்தோம். மூன்றாவது வாரம் எங்கள் எதிரே உட்கார அம்மாசி வந்தார். மாநகராட்சியில் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஸ்டூலில் உட்கார்ந்தால் இருபது நிமிஷம் இமையைத் தவிர எதையும் அசைக்க மாட்டார். அவர் கால் வைத்த இடத்தைச் சுற்றி ரெனிட்டா சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார், இடைவேளை முடிந்து வந்தால் அதே இடத்தில் உட்கார.

அம்மாசிக்கு வலது கண் இடது கண்ணைவிட அரை விரல் கீழே இருக்கும். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மற்றவர்கள் அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தபோது நான் முடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஐடி கம்பெனி டெரிக், "சூப்பர் அங்கிள்" என்றான். அம்மாசியும் இடைவேளையில் எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னா பாய், ஹீரோ மாதிரி கீறேன். என் கல்யாணத்துலயே நான் இப்டி இல்ல. இத நான் எத்துக்கினு போவட்டா?"

"தாராளமா," என்றேன்.

ரெனிட்டா வந்து பார்த்தார். அம்மாசியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இவரு யாரு சார்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்து நான்கு வருஷம் கழித்து அதே கேள்வி. கோபமும் வந்தது. "அவருக்கே பிடிச்சிருக்கு மிஸ். அப்புறம் என்ன?" என்றேன்.

"அவருக்குப் பிடிக்கும். எனக்கும் என் மூக்கை இப்படி யாராவது போட்டுக் கொடுத்தா பிடிக்கும்," என்றார். "ரெண்டு கண்ணையும் ஒரே கோட்டுல வச்சிட்டீங்க. மூக்கை நிமித்திட்டீங்க. நீங்க அவரப் பாக்கவே இல்ல சார்."

"முப்பது வருஷமா மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கேன்."

"எங்க தப்பு இருக்குன்னு பாத்திருப்பீங்க," என்றார்.

மேஜையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். நுனியில் இரும்பு நட்டு கட்டியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, அந்த நூலை முகத்துக்கு நேரே தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். எது எதற்கு நேர் கீழே வருகிறது என்று நூல் சொல்லும். நம் அபிப்பிராயத்தை அது கேட்காது.

நான்காவது வாரமும் அம்மாசிதான். நூலைத் தொங்கவிட்டு அளந்தேன். கண் கீழே இருப்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கரித்துண்டைத் தாளில் வைத்ததும் கை தானாக மேலே போனது. அழித்தேன். மறுபடி போனது. எனக்கு என் கை மேலேயே எரிச்சல் வந்தது. ஐந்தாவது வாரம்தான், இரண்டரை மணி நேரம் கழித்து, அந்தக் கண் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மாசி வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க நைனாவுக்குக் கண்ணு இப்டித்தான்," என்றார். பிறகு, "ஆனா வூட்ல மாட்டறதுக்கு அந்த மொதோ படம்தான் பாய்," என்றார்.

ஐந்தாவது வாரப் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஷகீலாவிடம் அதுவரை வகுப்பு விஷயமே சொல்லவில்லை. ஞாயிறு காலையில் கடைக்குப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கேட்காமல் பெயர் கொடுத்ததையும் சொன்னேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு கண்ணு இப்படித்தானா?"

"இப்படித்தான்."

"அப்படியே விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அங்கிருந்தே கேட்டாள், "எத்தனை மணிக்குப் போகணும்? முக்காடு எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிறு ஷகீலா பச்சைப் புடவை கட்டி, முக்காடு போட்டு, அம்மாசியின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரெனிட்டா அவள் காலைச் சுற்றிக் கோடு போட்டார். தாளை மாட்டி வரையும் மரச்சட்டங்கள், எட்டு ஈசல்களும், அரைவட்டமாக நின்றன. அவரவர் இடத்தை அவரவர் பிடித்துக்கொண்டார்கள். என் ஈசலை நான் அவளுக்கு வலதுகைப் பக்கக் கோடியில், ஜன்னல் ஓரம் போட்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கை அன்று நன்றாக ஓடியது. நெற்றி, மூக்கு, வலது கண், வலது கன்னம், எல்லாம் அளவு பிசகாமல் விழுந்தன. நூலைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தேன். ஒன்றைக்கூட நான் நிமிர்த்தவில்லை, அழகுபடுத்தவில்லை. ரெனிட்டா பின்னால் வந்து நின்று, "அளவெல்லாம் சரியா இருக்கு சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இந்தத் தடவை யாரும் யார் இது என்று கேட்க முடியாது.

இரண்டாவது இடைவேளையில் ஷகீலா எழுந்து ஒவ்வொரு ஈசலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் இடதுகைப் பக்கக் கோடியிலிருந்து தொடங்கினாள். டெரிக் அந்த மச்சத்தைக் கரியாக அப்பி வைத்திருந்தான். அவளைக் கண்டதும் சங்கடப்பட்டு, "சாரி ஆன்ட்டி, ரொம்ப டார்க் ஆயிடுச்சு," என்றான். "இருக்கட்டும்பா," என்றாள். அதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். நடுவில் இருந்தவர்களின் தாளில் மச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் என் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். என் தாளில் அது இல்லவே இல்லை.

"இங்கேருந்து பாத்தா தெரியாதுல்ல?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"இந்த இடம் அவங்க கொடுத்ததா, நீங்களா எடுத்ததா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். வெளிச்சம் என்று ஆரம்பித்தேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள், கோபம்கூட இல்லாமல்.

"நானாத்தான் எடுத்தேன்," என்றேன்.

தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய், சாக்பீஸ் கோட்டுக்குள் காலைச் சரியாக வைத்து உட்கார்ந்தாள். என்னைத் திட்டி விரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஈசலைத் தூக்கினேன். மற்ற ஏழு பேருக்கு நடுவே, காலில் இடித்து, மன்னிப்புக் கேட்டு, இடதுகோடிக்குக் கொண்டு போனேன். டெரிக் நகர்ந்து இடம் கொடுத்தான். "இன்னும் நாப்பது நிமிஷம்தான் சார் இருக்கு," என்றார் ரெனிட்டா. "தெரியும் மிஸ்," என்று புதுத் தாளை மாட்டினேன்.

பார்த்தேன். அந்த மச்சத்தின் விளிம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து அணு அணுவாக அதை எடுத்தவன் நான். இருபத்து நான்கு வருஷம் அதே முகத்துக்கு எதிரே சாப்பிட்டவன். காதுக்கு முன்னால் அது மெல்லியதாகத் தொடங்கி, தாடை எலும்புக்கு மேலே அகன்று, ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இடத்தில் அரிசியளவு வெறும் தோல் இருக்கிறது. இதையெல்லாம் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே வரைந்தேன்.

மணி அடித்தபோது தாளில் முக்காட்டு ஓரமும், மச்சமும், தாடையும், ஒரு கண்ணும்தான் இருந்தன. மிச்ச முகம் வெறும் கோடு. ஷகீலா வந்து பார்த்தாள். விரலை எடுத்து அந்த அரிசியளவு வெள்ளை இடத்துக்கு மேலே, தாளில் படாமல் வைத்தாள்.

"இது இருக்கறது எனக்கும் எங்கம்மாவுக்கும்தான் தெரியும்," என்றாள். படத்தை அவளே ஈசலிலிருந்து எடுத்தாள். ஆட்டோவில் ராயப்பேட்டை வீட்டுக்கு வரும்வரை, காற்றில் கசங்காமல் அட்டையோடு மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் லுஹர் தொழுது, சாப்பிட்டு முடித்ததும், ஃபிரேம் கடைக்கு நாளைக்குப் போகட்டுமா என்று கேட்டேன்.

"முடிக்காததுக்கு எதுக்கு ஃபிரேம்?" என்றாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். இடது கன்னம் என் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்தாள். பிறகு முக்காட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்க தாடை வரைக்கும்தான் தெரிஞ்சுது. இது கழுத்துல இறங்கி முடியுது. போட்டா முழுசா போடுங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாது," என்றாள்.

வகுப்பிலிருந்து கொண்டுவந்திருந்த நூலை எடுத்து அவள் காதுமடலுக்கு நேரே தொங்கவிட்டேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நான் நினைத்திருந்த இடத்துக்கு இரண்டு விரல் கீழே, தோள் எலும்புக்குப் பக்கத்தில் போய் அது முடிந்தது. அங்கிருந்து தொடங்கினேன்.