நாய் வாய் எட்டும் உயரம்

பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தால் இந்தப் பூமியில் ஓர் எறும்புகூடச் செத்ததில்லை, இனிமேலும் சாகப்போவதில்லை. இதை இளமாறன் எங்கள் கல்லூரி கேன்டீனில், பாதி கடித்த போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் மின்னியல் இறுதியாண்டு. வோல்ட் என்று யாராவது சொன்னால் தலையாட்டிப் பழகியவர்கள்.

அந்த அறிவிப்பிலிருந்துதான் எங்கள் ப்ராஜெக்ட் பிறந்தது. வெள்ளிமலைக்கு மேலே இளமாறனின் அக்கா வெள்ளச்சியின் வீடு இருக்கிறது. அங்கே காற்று அடித்தால் கரண்ட் போகும். காற்று நின்றால் வந்துவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் கூரைமேல் ஒரு சோலார் பேனல், மூலையில் ஏதோ ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி, சுவர் நெடுக ஒயர், ஒயர் போகிற இடமெல்லாம் எல்இடி பட்டை. தலைப்பு: 'மனிதருக்கும் விலங்குக்கும் தீங்கற்ற ஒளி'. தலைப்பு வைத்தது நான். ப்ராஜெக்டில் என் உழைப்பு அதோடு முடிந்தது.

விலங்கு என்று தலைப்பில் இருந்ததால் ஒரு விலங்கும் தேவைப்பட்டது. அது வீட்டிலேயே இருந்தது. மொளகா. காது இன்னும் நிமிராத செவலை நாய்க்குட்டி. கடிக்கிற கடியைப் பார்த்து வைத்த பெயர். வெள்ளச்சியின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார். சாமைக் காட்டுக்குக் காவல் இருந்த பழைய நாயைப் போன வருஷம் காட்டுப்பன்றி கிழித்துவிட்டது. இந்த வருஷம் கதிர் பிடிப்பதற்குள் மொளகா வளர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளச்சி தனியாளாகப் பன்றியோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ராத்திரியில் பேச்சுத் துணைக்கும் அதுதான். அவள் பேசுவாள், அது செருப்பைக் கடித்துக்கொண்டே கேட்கும்.

ஒயர் இழுத்து முடித்த அன்று சாயங்காலம், வெள்ளச்சி ஒரு கிண்ணமும் கந்தல் துணியுமாகச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?" என்றான் இளமாறன்.

"வேப்பெண்ண தடவுறேன்."

"ஒயருக்கா? அதுக்கு இன்னா சொறி புடிச்சிருக்கா?"

"இதுக்குப் பல்லு மாறுற நேரம்டா. செருப்பத் தின்னுச்சு, வெளக்கமாத்தத் தின்னுச்சு. இத்த மட்டும் உட்டுவைக்குமா? அது வாய் எட்டுற ஒசரத்துக்குத் தடவி வெக்கிறேன்."

"தின்னா தின்னுட்டுப் போவுது. பன்னெண்டு வோல்ட்டுக்கா. ஷாக்கே அடிக்காது."

"கரண்டு இன்னா கரண்டோ. பன்னிக்குப் போட்ட வேலியில எத்தினி மாடு செத்துது, நீ பாக்கல?"

"அது எரநூத்தி முப்பது. இது பன்னெண்டு. கழிச்சுப் பாரு."

"கழிக்கிறதெல்லாம் நீ கழி. மீச மொளைக்கிற வரிக்கும் வெரல் சப்பிக்கினு திரிஞ்ச. இதே எண்ணெயத்தான் தடவுனேன். உட்டியா இல்லியா?"

நான் சிரித்துவிட்டேன். இளமாறன் சிரிக்கவில்லை. அறிவியல் பேசும்போது குறுக்கே விரலைக் கொண்டுவருவது அவனுக்குப் பிடிக்காது. அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்து, கல்லூரிக்கும் அனுப்பியது அக்காதான். அதற்கான நன்றியை அடுத்த வாரமே கேன்டீனில் செலுத்தினான். கிண்ணத்தில் விரலை முக்குவதும், குத்துக்காலிட்டு நகர்வதும், "வாய் எட்டுற ஒசரம்" என்பதுமாக, அச்சு அசல் அவளேதான். "எங்க வூட்ல ஒரு வேப்பெண்ண இன்ஜினியர் இருக்காங்க" என்று முடித்தான். மேசையைத் தட்டிச் சிரித்தோம்.

இதற்கு நடுவே ஒரு சின்ன விஷயம். பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் ஒன்று வைத்திருந்தோம். ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தானே அறுந்து மின்சாரத்தை நிறுத்துவதற்காகப் பிறந்த பொருள் அது. ஒருநாள் அது போய்விட்டது. புதிது வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். பஸ் அப்போதுதான் போயிருந்தது. இளமாறன் ஒயரிலிருந்து நாலைந்து செம்பு இழைகளை உருவி, முறுக்கி, ஃபியூஸ் இருந்த இடத்தில் கட்டிவிட்டான். மலையிலும் சமவெளியிலும் சாதி மத பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் நடக்கும் மருத்துவம்தான் இது. முறுக்கிய செம்பு லேசில் அறுவதில்லை. அதுதான் அதன் பெருமை.

பிறகு வீடியோ எடுக்கும் நாள் வந்தது. வெள்ளச்சி காட்டுக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். இளமாறன் ஒயரைப் பார்த்து முகம் சுளித்தான். வேப்பெண்ணெயில் அடுப்புப் புகையும் தூசியும் படிந்து, ஒயர் கம்பளிப்பூச்சிபோல இருந்தது.

"வீடியோல நாத்தம் தெரியாதுடா" என்றேன்.

"அழுக்கு தெரியும்" என்றான்.

பழைய டி-சர்ட்டில் சோப்புத் தண்ணீர் தொட்டு, ஒயரை முழுக்கத் துடைத்தான். பிறகு மொளகாவைத் தூக்கி விளக்கடியில் உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துப் பேசினான். "கொழந்த தொடலாம். ஆடு தொடலாம். இதோ, நாய்கூட தொடலாம்." மொளகா அவன் கையை நக்கியது. முதல் டேக்கிலேயே ஓகே.

கூரைமேல் இருக்கும் பேனலைப் படம் எடுப்பதற்காக இருவரும் வெளியே வந்தோம். நான் கல்மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தபோது உள்ளே ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. அந்த வீடியோவிலும் அது இருக்கிறது. முதலில் ஏதோ பறவை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒயர் புகைந்துகொண்டிருந்தது. மொளகா கடித்த கடியில் இரண்டு கம்பியும் வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, பேட்டரி தன்னிடம் இருந்ததையெல்லாம் அந்த ஒரே இடத்தில் இறக்கியிருந்தது. கம்பி பழுத்து, அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் உருகி, நாக்கோடு ஒட்டியிருந்தது. நான் பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். இளமாறன் மொளகாவைத் தூக்கிக்கொண்டு, "ஷாக் இல்லடா, ஷாக் அடிச்சிருக்காது, பன்னெண்டுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மொளகாவிடம் சொன்னானா, என்னிடம் சொன்னானா, தெரியவில்லை.

சத்தம் கேட்டு வெள்ளச்சி களைக்கொத்தோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். மூலையில் கிடந்த டி-சர்ட்டை எடுத்து மோந்து பார்த்தாள். நாயைத் தன் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு, "வண்டிய எடு தம்பி" என்று என்னிடம் சொன்னாள்.

என் பைக்கில் கச்சிராயபாளையம் வரை வளைவு வளைவாக இறங்கி, கள்ளக்குறிச்சியில் கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். பின்னாலேயே பால் வண்டி பிடித்து இளமாறனும் வந்துவிட்டான். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார்.

"ஒயரா? எவ்ளோ வோல்ட்?"

"பன்னெண்டுதான் சார்" என்றான் இளமாறன். "அதுல டேஞ்சர் இல்ல சார்."

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "கரண்டு ஒண்ணும் பண்ணல. சூடுதான். உள்ள ஃபுல்லா வெந்திருக்கு. தண்ணி குடிச்சா பொழைக்கும்."

மொளகா தண்ணீர் குடிக்கவில்லை. வெள்ளச்சி மலைக்குத் தூக்கிப் போய், டாக்டர் கொடுத்த சிரிஞ்சால் கடைவாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாளாம். விட்டது வெளியே வந்ததாம். அந்த வாரம் முடிவதற்குள் சாமைக் காட்டு வரப்போரம் குழி தோண்டிவிட்டாள்.

கல்லூரிப் போட்டியில் எங்கள் ப்ராஜெக்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. அரங்கில் வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். "இதோ, நாய்கூட தொடலாம்" என்ற இடத்தில் மொளகா கை நக்கியதும் முன்வரிசையில் 'ச்சோ ஸ்வீட்' என்றார்கள். பின்வரிசையில் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் எவனோ "வேப்பெண்ண இன்ஜினியர்!" என்று கத்தினான். இளமாறன் கோப்பையை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்ல மறந்து, மேடையிலிருந்து இறங்கிவிட்டான். அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை, நான் கேட்காமலே, "மலைக்குப் போறேன், வர்றியா?" என்றான். போகிற வழியில் எலக்ட்ரிக் கடையில் நிறுத்தி ஃபியூஸ் வாங்கினான். வீட்டில் வெள்ளச்சி எங்களுக்குக் களி கிண்டி வைத்தாள். என்னிடம் மட்டும், "சாப்புடு தம்பி" என்றாள். பிறகு தகர டின்னையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினாள். கதிர் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இனி சாயங்காலமானால் நாய் செய்ய வேண்டியதை அவள் செய்ய வேண்டும்.

நான் வெளியே வந்து கல்மேல் உட்கார்ந்தேன். காட்டிலிருந்து டண், டண் என்று தகரச் சத்தம் வந்தது. நடுநடுவே "ஹோய்" என்று ஒரு குரல்.

வெகுநேரமாக இளமாறனைக் காணோம் என்று வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். செம்பு முறுக்கைக் கழற்றி, புது ஃபியூஸ் மாட்டியிருந்தான். கருகிய ஒயரை அறுத்துப் போட்டுவிட்டுப் புது ஒயர் இழுத்திருந்தான். இப்போது சுவரோரம் குத்துக்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்தான். பக்கத்தில் கிண்ணம். கையில் அந்தப் பழைய டி-சர்ட். துணியை எண்ணெயில் முக்கி, பிழிந்து, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒயரை நிதானமாகத் தடவினான். ஓரிடத்தில் நின்று யோசித்து, இன்னும் ஒரு சாண் மேலேயும் தடவினான்.

நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. காட்டில் தகரம் அடித்துக்கொண்டேயிருந்தது.