சம்பளமில்லாத பீ.எச்.ஐ.

சாப்பாட்டுக் கடைகளுக்குள் புகுந்து பானை திறந்து பார்க்கும் பீ.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர்மாருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. வெள்ளவத்தையில் அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு அந்த வேலையைச் சிவபாலன் சும்மாவே பார்த்தார். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர். அப்பிளில் மெழுகு, மீனில் மருந்து, வத்தகப்பழத்தில் ஊசி என்று வருகிற எச்சரிக்கைகளைக் கட்டடத்து வாட்ஸப் குழுவுக்கு அனுப்பாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. முழுக்க வாசிக்கிற வழக்கம் மட்டும் இல்லை. ஆபத்து என்றால் உடனே சொல்ல வேண்டாமா?

அன்று வந்தது இடியப்பம் பற்றியது. வெள்ளவத்தை மாடி வீடுகளில் அவித்து விற்கிற இடியப்பத்தில் வெள்ளை நிறத்துக்காகப் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களாம். அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார்.

தலை துவட்டிக்கொண்டு வந்தபோது மனைவி கனகேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். அவளுடைய பின்னேர இடியப்ப ஓடர் எல்லாவற்றையும் ஆட்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"இதை ஆர் அனுப்பினது?" தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

"அது பொதுவா வந்தது. உம்மட இடியப்பத்தைச் சொல்லேல்லை."

"இந்த பில்டிங்கில வேற ஆர் அவிச்சு விக்கினம்?"

இந்த மண்டையை நம்பியா வங்கி பெட்டகச் சாவியைத் தந்தது என்று அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரமில்லை. "என்ர பிஸ்னஸ்" என்று சொல்லும்போது அவளுடைய குரலே வேறாக இருக்கும். அதைக் கெடுத்துவிட்டார்.

'அந்தச் செய்தி பொய், நம்ப வேண்டாம்' என்று குழுவில் எழுதினார். 'அங்கிள், உங்கட வீட்டு இடியப்பம் எண்டா அப்பிடித்தானே சொல்லுவீங்கள்' என்று மூன்றாம் மாடி றேணுகா பதில் போட்டாள். இத்தனை காலமும் அவர் அனுப்பிய புளுகையெல்லாம் நம்பிய சனம், முதன்முறையாகச் சொன்ன உண்மையை நம்பவில்லை.

கடைசியில், தானே சாப்பிட்டுக் காட்டுவது என்று முடிவெடுத்தார். றேணுகாவையும் பக்கத்து வீட்டு ராசிக்கையும் கூப்பிட்டு மேசையில் இருத்தினார். கனகேஸ்வரி ஆவி பறக்க இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள். மா அரித்துக் கொடுத்தது அவர். பாதியைப் பிழிந்ததும் அவர்தான்.

"இஞ்ச பாருங்கோ" என்று ஒரு துண்டைப் பிய்த்தார். வாய்க்குக் கிட்டப் போன கை நின்றது. ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது? அவர் யோசித்து முடிப்பதற்குள் கை மூக்கடிக்குப் போய்விட்டது. மணந்து பார்த்துவிட்டுத்தான் வாய்க்குள் போட்டார்.

ராசிக் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். றேணுகா கைப்பேசியை நோண்டினாள்.

"என்னப்பா, நீங்களுமோ?" என்றாள் கனகேஸ்வரி. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிவபாலன் வாயில் இருந்ததை விழுங்கினார். அருமையான இடியப்பம்.